நேராக நின்ற கழுத்து

முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற நர்ஸ் உங்களில் யாராவது இருந்தால் அதை வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம். மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் வெளியே சொன்னேன். அதுவும் உங்களைப்போன்ற புதியவர்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, கையில் சாக்பீஸோடு நின்று சொன்னேன். அந்தப் பெருமை எனக்குத் தந்த பரிசைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தக்கலைக்காரி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்த பிறகு, ஊர் ஊராகப் போகும் குழுவில் என்னைப் போட்டார்கள். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு ஜீப், ஒரு மனநல டாக்டர், நான், மருந்துப் பெட்டி. நாங்கள் போவது அங்கே இருக்கும் டாக்டருக்கும் நர்சுகளுக்கும் துணையாக நிற்க என்று உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. நான் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பாவம், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாம் போய்த்தான் கண்ணைத் திறந்துவைக்க வேண்டும் என்ற நினைப்போடு ஜீப்பில் ஏறுவேன். இரண்டாயிரத்து ஆறுக்குப் பிறகு, சிக்குன்குனியா வந்து ஊரே கை கால் பிடித்துக்கொண்டு நடந்த வருடங்கள் அவை. என் நடை மட்டும் நிமிர்ந்துதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் கடற்கரையை ஒட்டிய ஒரு சுகாதார நிலையத்துக்குப் போவோம். ஊரின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அங்கேதான் லூர்தம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மீன் விற்கும் அம்மா. தலையில் சும்மாடு வைத்து வைத்து உச்சிமுடி தேய்ந்திருந்தது. கடவத்தை, அதுதான் அந்தப் பெரிய ஓலைப்பெட்டியை, வாசலில் இறக்கிவைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"சிஸ்டரே, ஒறக்கமே இல்ல. ரெண்டு பேரு காதுக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. செவத்தப் பாத்துச் சிரிச்சிட்டு கெடப்பேன். குளிக்கச் சொன்னா தேச்சியம் வரும், கோவத்துல கத்துவேன். ரெண்டு நாளா அவ ஒண்ணும் தின்னல்ல."

"யாரு தின்னல்ல?"

"நான்தான். நான் தின்னல்ல சிஸ்டரே."

இந்த இடத்தில் உங்களுக்கே ஏதோ உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை. 'தன்னைப் பற்றிப் பிறரைப் பேசுவதுபோல் பேசுகிறார்' என்று குறிப்பு எழுதி, அடியில் கோடும் போட்டேன். என்ன நுட்பமான கவனிப்பு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். வரிசை வாசல்வரை நின்றது. டாக்டர் என் குறிப்பைப் படித்தார், நாலு கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் அந்த அம்மா மளமளவென்று பதில் சொன்னார். மருந்து எழுதப்பட்டது.

அதன்பிறகு லூர்தம்மாள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மழையானாலும் வந்தார், ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்தன்றும் வந்தார். "எப்படி இருக்கு?" என்றால், "இப்பம் கொள்ளாம் சிஸ்டரே, பரவாயில்ல. ஒறங்குது. சிரிப்பு கொறஞ்சிருக்கு" என்பார். வரும்போதெல்லாம் தேக்கிலையில் சாளையோ நெத்தோலியோ பொதிந்து கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்வேன், ஆனால் பொதியை நோக்கி என் கை முதலிலேயே நீண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை நினைத்து என் வீட்டுக்காரர் என் வேலையையே மதிக்க ஆரம்பித்தார்.

அந்த நிலையத்தில் ஒரு கிராமச் செவிலியர் இருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். வீடு வீடாக நடந்து கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். இரண்டாவது மாதம் மருந்து கொடுத்து முடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்த மாத்திரை போட்டா நல்லா ஒறக்கம் வரும்னுதானே சொல்லித் தந்திய?"

"ஆமா."

"லூர்தம்மா வெளுக்கதுக்கு முந்தியே துறைக்குப் போயி மீன் எடுக்காவ. அதைச் சொமந்துட்டு பஸ் ஏறி, குழித்துறை வரைக்கும் போயி வித்துட்டு வாராவ. ஒரு தள்ளாட்டம்கூடக் காணல்லியே."

நல்ல கேள்வி. அதற்கு நான் செய்தது என்ன தெரியுமா? சிரித்தேன். ஒவ்வொரு உடம்பும் மருந்தை ஒவ்வொரு விதமாக ஏற்கும், உழைக்கிற உடம்பு சீக்கிரம் பழகிவிடும் என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதோடு விட்டேனா? அடுத்த பயிற்சி வகுப்பில் லூர்தம்மாளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, "ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஒரு நோயாளி எப்படித் தெளிவார் என்பதற்கு இவர் சாட்சி" என்று காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். லூர்தம்மாளும் கைதட்டினார்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய முறை அது இல்லை, பத்து மணி வாக்கில் அந்த அம்மா வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடிவந்தார். கடவம் இல்லை, காலில் செருப்பும் இல்லை.

"சிஸ்டரே, எனக்கு கழுத்து ஒரு பக்கமா திருகிப் போச்சு! கண்ணு ரெண்டும் மேல சொருகிட்டு நிக்குது! நாக்கு வெளிய தள்ளுது! வெக்கம் ஒரு ஊசி தாங்க, நான் வீட்டுல கொண்டுபோயி போட்டுக்கிடுதேன்!"

வெக்கம் என்றால் சீக்கிரம். அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று நமக்குத் தெரியும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஊசி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொண்டையைப் பிடித்துக்கொண்டால் ஆபத்து. எல்லாம் சரி. ஆனால் என் எதிரே நின்ற கழுத்து கமுகமரம் மாதிரி நேராக நின்றது. கண் என்னைப் பார்த்தது. நாக்கு மேற்சொன்ன அத்தனையையும் திக்காமல் சொன்னது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கையை நீட்டி அந்த அம்மாவின் கழுத்தைத் தொட்டே பார்த்தேன். எங்கேயாவது ஒரு திருகல் ஒளிந்திருக்காதா என்று தேடினேன். அந்தக் குறிப்பும் கோடும் வகுப்பும் கைதட்டலும் வீணாகப் போகக்கூடாதே.

பிறகுதான் மூளை விழித்தது. விழித்த வேகத்தில் வாயும் திறந்தது. நடுக்கூடத்தில், நாலு ஊர் ஆட்கள் உட்கார்ந்திருக்க, உரக்கக் கேட்டேன். "லூர்தம்மா, இத்தனை மாசமா பைத்திய மாத்திரையை யாருக்குக் கொடுத்தீங்க? வீட்டுல வேற யாருக்கு நோவு?"

பைத்திய மாத்திரை. அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று ஊர் ஊராகப் பாடம் நடத்தியவளின் வாயிலிருந்து வந்த சொல் அது.

லூர்தம்மாளின் முகம் மூடிக்கொண்டது. "வேற ஆருக்கும் இல்ல. எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் ஓர் ஆட்டோ அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

கிராமச் செவிலியர் என்னைத் தேடி வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா, அவியளுக்கு ஒரு மகளுண்டு. ஜெனி. இருபத்திரெண்டு வயசு. கலியாணம் ஒறப்பிச்சாச்சு. வாற ஞாயித்துக்கிழமை கோயில்ல மொத ஓலை."

கடற்கரையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைப் படிப்பார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. அதுதான் ஓலை. அந்த அம்மா எதற்காக நாலு மாதம் நோயாளியாக நடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்கு நோவு என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். பெண் இந்த வரிசையில் ஒருநாள் நின்றால் போதும், ஆட்சேபம் சொல்ல ஊரே எழுந்துவிடும்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லு, உடனே போவோம்" என்றேன்.

"ஜீப்பு வேண்டாம் அக்கா. அதுல கொட்ட எழுத்துல மனநலம்னு எழுதியிருக்கு. அது அந்தத் தெருவுக்குள்ள போனா ஞாயித்துக்கிழமை பாதர் ஓலை வாசிக்கதுக்கு முந்தி ஊரு வாசிச்சிரும்."

"பின்ன எப்படிப் போக?"

"நான் எப்படிப் போவேனோ அப்படி."

அவர் தினமும் போவது கொசுப்புழு பார்க்க. சிக்குன்குனியாக் காலம் ஆயிற்றே, தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் டார்ச் அடித்துப் பார்க்க எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் வெள்ளைச் சீருடை ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும் என்று, ஆயாம்மா மாற்றுக்கு வைத்திருந்த சேலையைக் கட்டச் சொன்னார். அது எனக்கு ஒரு சாண் குறைவு. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். பார்க்காத பெண்ணுக்கு ஊசி எழுதமாட்டேன் என்றார். நாலு மாதமாகப் பார்க்காத பெண்ணுக்குத்தானே டாக்டர் மாத்திரை எழுதினீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அவரை எழுதவைத்தது என் குறிப்பு. விழுங்கிவிட்டேன். கிராமச் செவிலியர் கொசுமருந்து வாளியை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் ஒரு நொடி வாளியைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். ஊசியும் மருந்தும் டார்ச் பையில் ஏறின.

தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தினோம். நேரே மூன்றாவதாக இருந்த லூர்தம்மாள் வீட்டுக்கு ஓட எனக்குக் கால் துடித்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வீடு ஏறிட்டுப் போவோம். ரெண்டு நிமிசம்."

"பிள்ளைக்கு மூச்சு முட்டினா?"

அவர் யோசித்தார். "செரி. டாக்டர் நேரா அங்க போவட்டும், ஆம்பிளை ஆளு மருந்து ஊத்த வந்ததா இருக்கட்டு. நாம ஏறிட்டுப் போவோம்."

இப்படித்தான் எனக்கு அவசரத்தில் ஒரே வழி தெரிந்தது, அவருக்கு இரண்டு தெரிந்தது. டாக்டர் வாளியோடு முன்னே போனார். நாங்கள் முதல் வீட்டில் நுழைந்தோம். அந்த வீட்டுக்காரி டிரம்மைத் திறந்து, "இது புழுவா சிஸ்டர்?" என்று கேட்டாள். டார்ச் என் கையில் இருந்தது. எட்டிப்பார்த்து, "இல்ல இல்ல, மீன்குஞ்சு" என்றேன். தலைமுறை தலைமுறையாக மீனோடு வாழ்கிற வீட்டில் நின்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா புதுசு" என்று சொல்லி, கிராமச் செவிலியர் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

லூர்தம்மாள் வீட்டு வாசலில் குறுக்கே கையை வைத்து நின்றார். "எதுக்கு வந்திய? எனக்குத்தான் நோவுன்னு சொன்னேனே."

"தொட்டியில புழு பாக்க வந்தோம் லூர்தம்மா!" என்று கிராமச் செவிலியர் தெருவுக்கே கேட்கச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். "பிள்ளையக் காட்டுங்க. கழுத்து எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

கை இறங்கியது. டாக்டர் ஏற்கெனவே பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பெண்ணின் பக்கத்தில் குந்தியிருந்தார். ஜெனி பாயில் கிடந்தாள். தலை ஒரு தோளை நோக்கித் திருகியிருந்தது, விழிகள் உத்தரத்தில் நிலைகுத்தியிருந்தன. நினைவு தப்பவில்லை. தன் உடம்பை யாரோ பிழிவதைத் தெரிந்துகொண்டே கிடந்தாள். நெற்றியில் மந்திரித்த எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. மூச்சு சீராக இருக்கிறது, போடலாம் என்று டாக்டர் தலையசைத்தார். ஊசி போடுவது ஒன்றுதான் அன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை.

கால்மணி நேரம் போனது. அதற்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை, அது அவர்கள் கோயிலா எங்கள் கோயிலா என்று பார்க்கவும் இல்லை. மெல்ல மெல்லக் கழுத்து இளகியது. கண் கீழே இறங்கி அம்மாவைத் தேடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிம்மதியில், அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். "பேடிக்காண்டாம் மக்கா, பயப்படாத. மாத்திரை கொஞ்சம் ஒத்துக்கல்ல, அவ்வளவுதான்."

ஜெனி என்னைப் பார்த்தாள். "எந்த மாத்திரை?"

லூர்தம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். டாக்டர் வாளிக்குள் பார்த்தார்.

உங்கள் யாருக்கும் இப்படி ஒரு நிமிடம் வாய்க்க வேண்டாம், ஆனால் வாய்க்கும். 'சத்து மாத்திரை' என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் கண் அதைத்தான் என்னிடம் கெஞ்சியது. காலையில் அவரை நடுக்கூடத்தில் உரித்து நிறுத்தியவள் நான், இந்த ஒரு பொய்யாவது அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஆனால் மருந்து போவது அந்தப் பெண்ணின் உடம்புக்குள். அவள் நேராகக் கேட்கிறாள். காலையில் தப்பான இடத்தில் உண்மையைக் கத்தினேன் என்பதற்காக, சொல்ல வேண்டிய இடத்தில் அதை விழுங்க முடியுமா? சொன்னேன். என்ன மாத்திரை, எதற்கு, எத்தனை மாதமாக என்று எல்லாவற்றையும், இந்த முறை மெதுவாகச் சொன்னேன்.

ஜெனி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ எதுல போட்டா?"

"கறியில. பொடிச்சு" என்றார் லூர்தம்மாள்.

"பகலெல்லாம் ஒறங்கி ஒறங்கி விழுந்தேனே அம்மா. எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அழுதேனே. நீ பக்கத்துலதானே இருந்தா. அப்பங்கூட சொல்லல்லியே."

"ஓலை வாசிச்சு முடியட்டும்னு நெனச்சேன் மக்கா."

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கப்படவில்லை. நான் கூடத்தில் கத்தியது, நாங்கள் திரும்பி வருவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொஞ்சநாள் பொறுக்கலாம் என்றார்கள், பிறகு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அது நல்லதற்குத்தான் என்று என்னைத் தேற்ற வந்தவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் ஜெனி. தானே மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டுமா, எப்போது சொல்லவேண்டும் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நாள்கூட நான் மிச்சம் வைக்கவில்லை. கொசுப்புழு பார்க்க அத்தனை வேஷம் கட்டியது என் வாய் அள்ளிக்கொட்டியதைத் துடைக்கத்தான், அதுவும் துடைபடவில்லை. இதை இன்றைக்கும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

லூர்தம்மாள் என்னை வழியில் கண்டால் மறுபக்கம் மாறிப் போய்விடுவார். எங்கள் வீட்டுக்காரர் சாளை எங்கே என்று கேட்டபோது, இந்தக் கடலில் மீன் குறைந்துவிட்டது என்றேன். கிராமச் செவிலியரிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன். "ரெண்டாவது மாசமே உனக்குத் தெரிஞ்சிருந்தது. என் சட்டையைப் பிடிச்சு உலுக்கிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே அக்கா. நீங்க வகுப்பு எடுத்திய."

அதன்பிறகு எந்த ஊர் நிலையத்துக்குப் போனாலும் பையைத் திறக்குமுன் அங்கே தினமும் தெருவில் நடக்கிற ஆளைத் தேடிப்பிடித்து, போன வாரம் நீங்கள் பார்த்தது என்ன என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகத்தான் இன்னும் இரண்டு வருடம் ஆனது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஜெனி வந்தாள். முக்காடு இல்லை. வரிசையில் தன் முறை வரும்வரை நின்றாள். அம்மா பின்னாலேயே வந்து, உள்ளே வராமல் வாசல் குழாயடியில் நின்றுகொண்டார். நான் ஜெனியைத் தடுப்பூசி வைக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அவளே பேசினாள். காதில் கேட்ட பேச்சு அவளைக் கேவலமாகத் திட்டுமாம். பயப்படுவதைப் பார்த்தால் இன்னும் திட்டும் என்பதால், பயமில்லாத மாதிரி காட்டத்தான் சிரித்தாளாம். அம்மா சொன்ன சிரிப்பும் நான் எழுதிய சிரிப்பும் இதுதான். டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு, வேறு மருந்தைக் குறைந்த அளவில் எழுதினார்.

மாத்திரையை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் வாசலில் நின்ற லூர்தம்மாளை நோக்கி நடந்தேன். ஆரம்பத்தில் கூட வந்தவரிடம் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். ஜெனி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"என் கையில தாங்க சிஸ்டர்."

கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். டாக்டரைப் பார்த்தேன், அவர் சரி என்றார். கொடுத்தேன். எது எப்போது என்று இரண்டுமுறை கேட்டுக்கொண்டாள். நேரே குழாயடிக்குப் போனாள். ஒரு மாத்திரையை எடுத்து அம்மாவுக்குத் தெரியும்படி நாக்கில் வைத்து, கையில் தண்ணீர் பிடித்து விழுங்கினாள்.

"இனி கறியில போடாண்டாம் அம்மா. நாலு மாசமா நீ வச்ச மீன்கறி கசந்துட்டுதான் கெடந்து. நோவுனாலதான் அப்படித் தோணுதுன்னு நெனச்சு நான் சொல்லல்ல."

லூர்தம்மாள் சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட உள்ளே போய்விட்டேன்.